எங்க தெருவுக்கு யாரைக் கேட்டுப் பேர் வெச்சீங்க?

முதலில் உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. நீங்கள் குடியிருக்கும் தெருவுக்கு அந்தப் பெயர் எப்போது வந்தது? யார் வைத்தார்கள்? வைப்பதற்கு முன் உங்களையோ, உங்கள் அப்பாவையோ, அந்த வீட்டில் உங்களுக்கு முன் வாடகைக்கு இருந்தவரையோ யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மூன்று கேள்விக்கும் ‘தெரியாது’, ‘தெரியாது’, ‘இல்லை’ என்று பதில் எழுதியிருந்தால் நீங்கள் பாஸ். நூற்றுக்கு தொண்ணூறு பேர் அப்படித்தான் எழுதுவார்கள்.

பல வருடங்களுக்கு முன் நான் சென்னையில் வாடகைக்கு இருந்த ஒரு தெருவின் கதையைச் சொல்கிறேன். தெருமுனையில் ஒரு பிள்ளையார் கோயில். தெருவுக்கும் அதே பெயர். ஒருநாள் காலை பால் வாங்கப் போனால், முனையில் பளபளவென்று புதுப் பலகை. ஒரு தலைவர் பெயர். நல்ல தலைவர்தான். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவருக்கும் எங்கள் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று பால் பூத்காரருக்கும் தெரியவில்லை, ஹவுஸ் ஓனருக்கும் தெரியவில்லை. ‘ஏதோ தீர்மானம் போட்டாங்களாம் சார்’ என்றார்கள். எங்கே போட்டார்கள், எப்போது போட்டார்கள்? அதுவும் தெரியாது.

நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். விடாதவர் ஒருவர்தான். மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். அவர் மகள் அப்போது டிகிரி முடித்துவிட்டு ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். படித்த பெண் அல்லவா? பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் விலாசமாக எழுதினாள். தெருவுக்குப் பெயர் மாறிய விஷயத்தைத் தபாலாபீசுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. வழக்கமாக வரும் தபால்காரர் லீவு. மாற்றாக வந்தவர், ‘அப்படி ஒரு தெரு இந்த ஏரியாவிலேயே இல்லை’ என்று இன்டர்வியூ கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். விசாரித்துக் கண்டுபிடிப்பதற்குள் தேதி போய்விட்டது.

அந்த மனிதர் என்னிடம் கேட்ட கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. ‘சார், பேரு வெக்கட்டும். வேணாங்கல. ஆனா குழந்தைக்குப் பேரு வெக்கறப்பகூட காதுல மூணு தடவை சொல்லிட்டுத்தானே வெக்கறோம்?’

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

*

பெயர் மாற்றமே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. மதராஸ் 1996-ல் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனபோது கை தட்டியவர்களில் நானும் ஒருவன். ஏற்கெனவே தமிழில் பேசியவர்களின் வாயில் சென்னையாக இருந்ததைத்தான் ஆங்கிலத்திலும் சென்னை ஆக்கினார்கள். அதனால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அண்ணா சாலையைப் பாருங்கள். அண்ணாவைப் பிடிக்காதவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனாலும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால், ‘மவுன்ட் ரோடு போப்பா’தான். லாயிட்ஸ் ரோடு, அவ்வை சண்முகம் சாலை ஆகிப் பல காலம் ஆகிறது. அங்கே வீடு வைத்திருக்கும் பெரியவரைக் கேளுங்கள், லாயிட்ஸ் ரோடு என்பார். பாண்டி பஜாரில் தீபாவளிக்குத் துணி வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் ‘பாண்டி’ சவுந்தரபாண்டியனார் என்று தெரியும்? பலகையில் முழுப்பெயர் எழுதியாகிவிட்டது. மனசில் எழுதத்தான் ஆளில்லை.

மக்கள் பெயர் வைப்பதில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பாலம் சாட்சி. திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் இருக்கிறதே, அதுதான். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஹாமில்டன் பாலம். நம் ஜனங்களின் வாயில் ஹாமில்டன் ‘அம்பட்டன்’ ஆகி, அம்பட்டன் வாராவதி ஆனது. கொஞ்ச காலம் கழித்து அதை இங்கிலீஷில் திருப்பிப் போட்ட புண்ணியவான்கள் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று எழுதிவிட்டார்கள்! பாவம் ஹாமில்டன். பிறகுதான் அது அம்பேத்கர் பாலம் ஆனது. ஒரு சாதியைக் குறிக்கிற, இழிவாகப் பயன்பட்ட ஒரு சொல்லை எடுத்துவிட்டு அம்பேத்கர் பெயரை வைத்ததில் எனக்கு நூறு சதவிகிதம் சம்மதம். ஆக, மாற்றலாமா கூடாதா என்பது என் சண்டையே இல்லை. யார் மாற்றுவது என்பதுதான் சண்டை.

*

‘மக்களைக் கேட்டால் வேலை நடக்குமா? நிபுணர்கள் இருக்கிறார்கள் சார்’ என்பார்கள். இருக்கிறார்கள். 2020-ல் பார்த்தோமே!

கொரோனா ஊரடங்கில் நாம் முகமூடி மாட்டிக்கொண்டு காய்கறிக் கடை வரிசையில் நின்ற அந்த ஜூன் மாதம், 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அரசாணை வெளிவந்தது. தமிழில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். மாவட்டக் கமிட்டிகளெல்லாம் போட்டுத்தான் செய்தார்கள். விளைவு? பத்து எழுத்தில் இருந்த கோயம்புத்தூர் ஆங்கிலத்தில் பதினாலு எழுத்தாக நீண்டது. வேலூரைப் புதிய ஆங்கில எழுத்தில் படித்தால் ‘வீலூர்’ என்று வந்தது. ஊரே சிரித்தது. பத்து நாள்கூடத் தாங்கவில்லை, ஆணையை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனிடம் அந்தக் காகிதத்தை நீட்டி, ‘தம்பி, இதைப் படி’ என்று கேட்டிருந்தால் அஞ்சே நிமிஷத்தில் தப்பு தெரிந்திருக்கும். கேட்கவில்லை. நிபுணர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிபுணருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அந்த ஊர்க்காரரையும் உட்கார வையுங்கள் என்கிறேன்.

கேட்காமல் பெயர் வைத்தால் சிரிப்போடு போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். 1997 ஞாபகம் இருக்கிறதா? விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது. பசும்பொன் மாவட்டம் சிவகங்கை ஆனது. பல்லவனும் சேரனும் சோழனும் பாண்டியனும்கூட பஸ்ஸை விட்டு இறங்கிப் போனார்கள்.

தப்பு அந்த வீரன் பெயரில் இல்லை. ஏற மாட்டேன் என்றவர்களின் மனசில் இருந்தது. அந்த மனசோடு பேசாமல், பெயரை மட்டும் பஸ்மேல் எழுதினால் போதும் என்று நினைத்ததும், எதிர்ப்பு வந்ததும் எல்லாப் பெயரையும் அழித்துவிட்டால் போதும் என்று நினைத்ததும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள்.

*

இப்போது ‘காலனி’க்கு வருவோம்.

சென்னை பெசன்ட் நகரில் கலாக்ஷேத்ரா காலனி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு ஃபிளாட் கிடைத்தால் நீங்களும் நானும் கடன் வாங்கியாவது போவோம். கல்யாணப் பத்திரிகையில் அந்த விலாசத்தைக் கொட்டை எழுத்தில் போடுவோம். அதே ‘காலனி’ என்ற சொல்லை ஒரு கிராமத்து டீக்கடையில் நின்று சொல்லிப் பாருங்கள். ‘நீ காலனியா?’ என்ற கேள்விக்கு அங்கே அர்த்தமே வேறு. ‘உனக்கு எந்த டம்ளரில் டீ கொடுப்பது?’ என்பதுதான் அந்தக் கேள்வி. ஒரே சொல். ஒரு இடத்தில் அந்தஸ்து, இன்னொரு இடத்தில் அவமானம்.

2025 ஏப்ரல் 29 அன்று, ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் தீண்டாமையின் குறியீடாகிவிட்டது என்பது காரணம். உண்மைதான். அதே ஆண்டு அக்டோபரில், ஊர்கள், தெருக்கள், நீர்நிலைகளின் பெயர்களில் இருக்கிற சாதியை எடுக்க அரசாணை வந்தது. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த எழுபதுகளின் இறுதியிலேயே தெருப் பெயர்களில் சாதியைக் கத்தரித்தவர்கள் நாம். சி.பி. ராமசாமி ஐயர் சாலை, சி.பி. ராமசாமி சாலை ஆனது அப்படித்தான். அன்றைக்கு விட்டுப்போனதைத்தான் இப்போது தொடர்ந்தார்கள்.

2025 அரசாணையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கிராம சபையிலும் ஏரியா சபையிலும் மக்கள் கருத்தைக் கேட்கச் சொன்னது. பிடிக்காத விஷயமும் உண்டு. அக்டோபரில் ஆரம்பித்து நவம்பருக்குள் முடி என்றது. தமிழ்நாடு முழுக்க! ஏன் சார், ஒரு ரேஷன் கார்டில் ‘முருகன்’ என்பதை ‘முருகேசன்’ என்று திருத்தவே நம்மை எத்தனை தடவை அலைய விடுகிறீர்கள்? தலைமுறை தலைமுறையாக நெற்றியில் ஒட்டிய பெயரை மாற்ற ஒன்றரை மாதமா? கேட்பது என்றால் காது கொடுத்துக் கேட்பது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதற்குப் பெயர் கேட்பதல்ல. விஷயம் கடைசியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போனது.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். ‘மக்களைக் கேள், மக்களைக் கேள் என்கிறாயே. சாதிப் பெயர் உள்ள தெருவில் போய்க் கேட்டால், அந்தச் சாதிக்காரர்கள் இருக்கட்டும் என்றுதானே சொல்வார்கள்? ஓட்டுப் போட்டால் சேரி தோற்கும், ஊர் ஜெயிக்கும். அப்புறம் எப்படிச் சாதி ஒழியும்?’

சரியான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் ஓடினால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

கேட்பது வேறு, தலையை எண்ணுவது வேறு. ஒரு பெயர் ஒருவரைக் குத்துகிறது என்றால், குத்துப்பட்டவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். குத்துகிறவருக்கு அதில் ஓட்டு இல்லை. இழிவான பெயர் போக வேண்டுமா என்பதை முடிவு செய்ய அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடு ‘வேண்டாம்’ என்றால் போதும். போயே ஆக வேண்டும். அதில் பெரும்பான்மைக்கு வேலையில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்ன பெயர் வர வேண்டும் என்பதில்தான் தெருக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். ‘எது போக வேண்டும்’ என்பது சுயமரியாதை விஷயம். ‘எது வர வேண்டும்’ என்பது ஜனநாயக விஷயம். இரண்டையும் ஒரே கூட்டத்தில் போட்டுக் குழப்புவதால்தான் ஒன்று அடிதடி வருகிறது, இல்லாவிட்டால் மேலேயிருந்து ஒரு பட்டியல் வருகிறது.

*

பெயரை மாற்றினால் அவமானம் போய்விடுமா?

கண்ணகி நகரைக் கேளுங்கள். சென்னைக்குள் கூவம் கரையிலும் ரோட்டோரத்திலும் குடியிருந்தவர்களை எடுத்துக்கொண்டுபோய், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் 2000-வாக்கில் குடிவைத்த இடம். பெயரில் என்ன குறை? நீதி கேட்டு மதுரையை எரித்தவளின் பெயர். ஆனால் அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கினார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகள் உறவுக்காரர் வீட்டு விலாசத்தைப் போட்டு விண்ணப்பம் எழுதினார்கள். அவர்களைக் குடிவைத்த குடிசை மாற்று வாரியத்துக்கே 2021-ல் பெயர் மாறியது. இப்போது அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ரொம்ப அழகான பெயர். அதனால் மட்டும் கண்ணகி நகர்ப் பையனின் விண்ணப்பத்தை யாராவது மேலே எடுத்து வைத்தார்களா?

பிறகு ஒன்று நடந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. கபடியில் தங்கம் ஜெயித்த இந்தியப் பெண்கள் அணியில் ஒரு கார்த்திகா. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அத்தனையும் அவரை எப்படி எழுதின? ‘கண்ணகி நகர் கார்த்திகா’! எந்த விலாசத்தை மறைத்து எழுதினார்களோ, அது தலைப்புச் செய்தி ஆனது.

யோசித்துப் பாருங்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால் யாரோ ஒரு நல்லெண்ணக்காரர், ‘பாவம், பெயரால் கஷ்டப்படுகிறார்கள்’ என்று அந்த மக்களைக் கேட்காமலே அதை ஏதோ ஒரு ‘கார்டன்’ என்றோ ‘என்கிளேவ்’ என்றோ மாற்றியிருந்தால்? அந்தப் பெண் மீட்டுக் கொடுத்த பெயர் இருந்திருக்காது. எந்தப் பெயரை உதற வேண்டும், எந்தப் பெயரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்பது அதைச் சுமக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஏசி ரூமில் உட்கார்ந்து நானும் நீங்களும் தீர்மானிக்கிற சமாசாரமில்லை.

*

சரி, ‘என்னதான் பண்ணணும்ங்கறே?’ என்கிறீர்களா? பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். ஆறே ஆறு விஷயம்.

ஒன்று: பெயர் மாற்றப் போவதாக ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டீஸ் வர வேண்டும். ஏன் மாற்றுகிறோம், யார் கேட்டார்கள் என்ற விவரத்தோடு. குறைந்தது இரண்டு மாதம் அவகாசம்.

இரண்டு: வீட்டு ஓனர் மட்டும் குடியிருப்பவர் இல்லை. வாடகைக்காரர், மாடியில் ஒற்றை ரூமில் இருப்பவர், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர் எல்லோருக்கும் பேச உரிமை வேண்டும். சங்கத்துச் செயலாளர் தலையாட்டினால் தெருவே தலையாட்டியதாக ஆகாது.

மூன்று: பேசுவதற்கு இடம் புதிதாகத் தேட வேண்டாம். ஏற்கெனவே இருக்கிறது. 2022 நவம்பர் 1-ல் நம் நகரங்களில் ஏரியா சபை என்று ஆரம்பித்தார்களே, நீங்கள் போயிருக்கிறீர்களா? நானும் முதலில் போகவில்லை. குடிநீர், குப்பை, தெருவிளக்கோடு இதையும் அங்கே வைக்கலாம். சென்னையில் மட்டும் 200 வார்டு. ஒவ்வொரு வார்டிலும் பல ஏரியாக்கள். கூட்டம் கூடினால்தான் சபை, இல்லாவிட்டால் வெறும் ஃபைல்.

நான்கு: பெயர் மாற்றுவது அரசு என்றால், காகிதம் மாற்றுவதும் அரசின் வேலை. ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பட்டா, சொத்து வரி, கேஸ் புத்தகம் என்று ஒவ்வொரு ஆபீஸாக நாங்கள் ஏன் லீவு போட்டு அலைய வேண்டும்? அந்தந்தத் துறைகளுக்குத் தகவல் தானாகப் போக வேண்டும். ஒரு பைசா கட்டணம் கூடாது.

ஐந்து: புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரையும் சின்ன எழுத்தில் சில வருடங்கள் எழுதி வையுங்கள். இழிவான பெயர் என்றால் மட்டும் வேண்டாம். அதைப் பலகையில் வைக்காமல் தபாலாபீஸ் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு: யார் பெயர் என்பதற்குத் தெருவில் ஒரு காரணம் வேண்டும். 2022-ல் நடிகர் விவேக் பெயரைச் சென்னையில் அவர் வாழ்ந்த தெருவுக்கு வைத்தார்கள். 2025-ல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பெயர் அவர் வசித்த தெருவுக்கு வந்தது. அங்கேயே நடமாடிய மனிதர்கள். ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் நம் தெருவிலேயே நாற்பது வருடம் பிரசவம் பார்த்த ஒரு நர்ஸம்மா இருந்திருப்பாரே, மழை வெள்ளத்தில் படகு தள்ளி ஊரைக் காப்பாற்றிய மீனவர் இருந்திருப்பாரே, அவர்கள் பெயர் ஏன் ஒரு பட்டியலிலும் வருவதில்லை? பட்டியல் போடுகிறவர்களுக்கு அவர்களைத் தெரியாது. தெருவுக்குத் தெரியும். கேட்டால் சொல்லும்.

*

எங்கள் பழைய தெருப்பக்கம் சமீபத்தில் போனேன். பிள்ளையார் இருக்கிறார். தலைவர் பெயர்ப் பலகை இருக்கிறது. அதன்மேல் ‘மூலம், பவுத்திரம்’ போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். தலைவர் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் தெரிகிறது. மரத்தடி இருக்கிறது, இஸ்திரி வண்டி இல்லை. அந்தப் பெண் பிறகு வேறு ஏதோ வேலைக்குப் போய்விட்டாளாம். நிம்மதியாக இருந்தது. ஆனால் முதலில் தவறிப்போன அந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஒரு தலைவருக்குச் செய்கிற மரியாதையா இது? அந்தத் தெருக்காரர்களைக் கூப்பிட்டு, அவர் யார், என்ன செய்தார் என்று ஒரு மணி நேரம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு வைத்திருந்தால், போஸ்டர் ஒட்ட வந்தவனை அந்தத் தெருவே துரத்தியிருக்கும்.

அடுத்த முறை உங்கள் தெருமுனையில் ஏணி சாத்திப் பலகை மாட்டிக்கொண்டிருந்தால் சும்மா வேடிக்கை பார்க்காதீர்கள். கீழே நின்று அண்ணாந்து கேளுங்கள்:

‘அண்ணே, யாரைக் கேட்டு?’

ஏணியில் நிற்பவருக்குப் பதில் தெரியாது. பாவம், அவர் கூலிக்கு வந்தவர். ஆனால் அவர் இறங்கிப் போய் அனுப்பியவரிடம் சொல்வார்: ‘சார், அந்தத் தெருவுல கேக்கறாங்க சார்.’

பத்துத் தெருவில் கேட்டால் பழக்கம் ஆகும். நூறு தெருவில் கேட்டால் சட்டம் ஆகும்.